யார் செய்த பாவம்?

இராஜபாளையத்து நூற்பாலையொன்றில் பணிபுரிந்த ஒருவர், காசநோயுற்றுத் திருவில்லிபுத்தூரிலுள்ள தாய்வீட்டிற்கு வந்திருந்தார். அகவை நாற்பத்தைந்து இருக்கும். நற்கருணை வழங்கச் சென்ற நம்மிடம் அவருடைய முதிய அன்னை கேட்டார்: “சாமி, மூணு வயசுல இவனுக்கு மணல்வாரி அம்மை போட்டுச்சு. வேப்பிலை கட்டி வீட்டோட வச்சிருந்தேன். அப்பவே நெஞ்சு பலமில்லாமப் போச்சு. நான் செஞ்ச பாவந்தானா இது?”

அக்கேள்வியை எளிதில் தள்ள இயலவில்லை. தட்டம்மை என்று மருத்துவர் கூறும் மணல்வாரி, தடிப்புகள் மறைந்ததும் முற்றும் அகன்றுவிடுவதில்லை. காசத்தைக் கண்டறியும் தோல் சோதனை, அம்மை கண்ட நாட்களில் பொய்த்துப்போவதை ஆஸ்திரிய மருத்துவர் பிர்கே 1908-இல் எழுதினார். உடலின் தற்காப்பு அந்நாட்களில் சோர்ந்துவிடுகிறது என்பதே அதன் பொருள். முன்வந்த நோய்களைப் பற்றிய உடலின் நினைவையே தட்டம்மை அழிக்கவல்லது என்று 2019-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. காசக் கிருமியோ பல்லாண்டு உறங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் குன்றும் வேளையில் விழிப்பது. ஆதலால் அம்மையைத் தொடர்ந்து காசம் தலைதூக்குமென்று முன்னாளைய மருத்துவர்கள் அஞ்சினர். ஆயினும், நாற்பதாண்டுக்குப் பின் வந்த ஒருவரின் நோய்க்கு அன்றைய அம்மையே காரணமென்று அறுதியிட்டுக் கூற இயலாது. வறுமை, நெரிசல், சத்துக்குறைவு, நீரிழிவு, புகை எனக் காரணங்கள் பல.

பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், பாவம் இவருடையதா, பெற்றோருடையதா என்று வினவியபோது, இயேசு இரண்டையும் மறுத்தார். பெரும் பாவமாவதற்கு முழு அறிவும் முழு மனச்சம்மதமும் வேண்டும் என்பது மறைக்கல்வியில் நாம் கற்றதே. நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி சேர்ந்தது 1985-இல்தான். அதற்கு முன்னரே அம்மை கண்ட மகனுக்கு அத்தாய் தாம் அறிந்ததைச் செய்தார், அன்போடு செய்தார். அது பாவமன்று.

அவ்வில்லத்தில் வேறொன்றையும் கண்டோம். மருந்துண்ணத் தொடங்கி இரு மாதங்கள் ஆகியும் நோயாளியின் தட்டும் குவளையும் தனியே வைக்கப்பட்டிருந்தன. காசம் காற்றில் பரவுவது, பாத்திரத்தில் அன்று. முறையாக மருந்துண்போரிடம் தொற்றும் விரைவில் தணிகிறது. வீட்டிலிருந்தே மருந்துண்போரும் மருத்துவமனையில் தங்கியோரைப் போலவே குணமடைவர் என்பதைச் சென்னையில் நடந்த ஆய்வு 1959-இலேயே உலகிற்கு உணர்த்திவிட்டது. இவற்றை அறிந்தும் நோயாளியை ஒதுக்குவோருக்கும், இலவசமாய்க் கிடைக்கும் இரு தவணைத் தடுப்பூசியைச் சோம்பலால் தவறவிடுவோருக்கும், இரு வாரம் கடந்த இருமலை மறைப்போருக்கும் அறியாமை என்னும் சாக்கு இல்லை. அன்னையின் கேள்வி உண்மையில் நம்மை நோக்கியது.

“அது பாவமில்லை, அம்மா. மருந்தை மட்டும் இடையில் நிறுத்தாமல் கொடுங்கள்” என்றோம். அவர் தந்த காபியை, தனியே இருந்த அக்குவளையிலேயே கேட்டு வாங்கி அருந்தி விடைபெற்றோம்.