ஓலையெடுத்த பாலனும் சாஸ்திர தானமும்



ஆண்டுதோறும் ஜேஷ்ட மாதத்துச் சுக்கில பஞ்சமியன்று நம் ஜினாலயங்களில் சுருத பஞ்சமி கொண்டாடுகிறோம். ஆகம நூல்களைப் பீடத்தில் எழுந்தருளச் செய்து, அர்ச்சித்து, துதித்து மகிழ்கிறோம். கோடை விடுமுறை கழிந்து பள்ளிகள் திறக்கும் நாளும் அதனை ஒட்டியே வருவதால், எளிய பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் வழங்குவோர் நம்முள் உளர். சாஸ்திர தானம் செய்தோம் என்னும் நிறைவோடு இல்லம் திரும்புகிறோம். அந்நிறைவு முழுமையானதுதானா என்று சற்றே சிந்திப்போம்.

இத்திருநாளின் வரலாறு நாம் கேட்டறிந்ததே. கிர்நார் மலையின் சந்திர குகையில் தவமியற்றிய தரசேனாசாரியர், தம்மோடு ஆகம ஞானம் அற்றுப்போகுமோ என அஞ்சி, இளந்துறவியர் இருவரை வரவழைத்தார். ஒருவர்க்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவர்க்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்து ஓதச் சொன்னார். ஒருவர்முன் பல் நீண்ட தேவதையும், மற்றவர்முன் ஒற்றைக்கண் தேவதையும் தோன்றக் கண்டு, இருவரும் தத்தம் மந்திரத்தை ஆராய்ந்தனர். மிகுந்ததைக் களைந்தும் குறைந்ததை நிரப்பியும் மீண்டும் ஓதினர். அதன் பின்னரே ஆசாரியர் கற்பிக்கத் தொடங்கினார். அவ்விருவரே புட்பதந்தரும் பூதபலியும். அவர்களால் ஷட்கண்டாகமம் ஏட்டில் ஏறியது. பூதபலி முனிவர் திரமிள தேசம் சென்றார் எனத் தவலா உரை கூறுவது தமிழராகிய நமக்குத் தனிப்பெருமை.

இவ்வரலாற்றில் நாம் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. தரசேனர் அவ்விருவர்க்கும் நூலெதனையும் வழங்கவில்லை. ஓதச் சொன்னார், தம் பிழையைத் தாமே காணுமளவும் பொறுத்திருந்தார், உடனிருந்து கற்பித்தார். முதுமையில் தமக்கு எஞ்சியிருந்த காலத்தையே அவர் தானமாக அளித்தார்.

இனி, வந்தவாசிப் பகுதியினராகிய நம்மில் பலர்க்கு அயலூரான உத்திரமேரூரை நோக்குவோம். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. 30 குடும்புகளாகப் பிரிந்திருந்த அவ்வூரில், வாரியத்துக்கு உரியவராக எண்ணப்படுவதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். ஆயின் ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்று, பிறர்க்கு எடுத்துரைக்கவும் வல்லவராயின், அரைக்கால் வேலியே போதும். அது வேதியர் சபை, நம் நெறியாருடையதன்று, ஏனையோர்க்கு அதில் இடமும் இல்லை. எனினும், பிறர்க்கு உரைக்க வல்ல கல்வியை நிலத்துக்கு ஈடாக மதித்த நேர்மையை நாம் போற்றலாம்.

அக்கல்வெட்டில் நம் நெஞ்சைத் தொடுவது பிறிதொன்று. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன், உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலன். ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பவர் பெரியவர். பாலன் அறியாதிருப்பதே அன்று அம்முறைக்குக் காவலாயிற்று. இன்றோ, ஓலையைக் கையில் ஏந்தியும் அதில் உள்ளது அறியாத பாலர் நாடெங்கும் உளர். 2024இல் பிரதம் நிறுவனம் எடுத்த ‘அசர்’ ஆய்வின்படி, இந்திய ஊர்ப்புறங்களில் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளுள் 2ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வல்லவர் 100க்கு 27 பேரே. உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்கள் மட்டும் இதற்கு விலக்காகா. நாம் வழங்கும் புத்தகம் வாசிக்கத் தெரியாத பிள்ளையின் கையில் என்னாகும்?

இதற்கு ஆசிரியரைக் குறைகூறுதல் முறையன்று. ஐந்து வகுப்புகளையும் இருவரே நடத்தும் பள்ளியில், ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டு வாசிப்பதைக் கேட்க அவர்க்குப் பொழுது ஏது? நம் எழுத்தும் குழந்தைக்கு எளிதன்று. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது. ஒலியோ மெய்யில் தொடங்குகிறது. ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் சூழ்கிறது. ‘க’ என்னும் ஓரெழுத்தே கடல், தங்கம், அகல் என்னும் மூன்றிலும் வெவ்வேறாக ஒலிக்கிறது. நாம் மறந்தே போன இடர்கள் இவை. இவற்றை நீக்கப் பெரும்புலமை வேண்டுவதில்லை. அருகமர்ந்து கேட்கும் ஒருவர் வேண்டும்.

அவ்வொருவராகக் கல்லூரி மாணவர் இருக்கலாகாதா? 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24இல், காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்தோர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். மரம் நடுதலும் தெருக் கூட்டுதலும் நற்பணிகளே. அம்மணிகளில் ஒரு பகுதியை வாசிப்புக்கு ஒதுக்கினால் அதன் பயன் வேறு. கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இதற்குச் சான்று. சுமார் 2 லட்சம் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலைதோறும் தம் தெருப் பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்தனர். ஊர்ப்புறத் தமிழகத்தில் சுமார் 19,000 பிள்ளைகளை ஆய்ந்த அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் அறிஞர்கள், பள்ளி திறந்து ஆறு திங்களில் இழந்த கல்வியில் மூன்றில் இரு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் கண்டனர்.

இப்பணி செய்ய முன்வரும் இளைஞர் அறிய வேண்டுவன சில. பிள்ளைகளை வகுப்பு நோக்கிப் பிரியாது, எழுத்தறிவோர், சொல்லறிவோர், பத்தி வாசிப்போர் எனத் திறன் நோக்கி நால்வர் ஐவராக அமர்த்துக. வரியில் விரல் வைத்து வாசிக்கச் செய்க. பிள்ளை தயங்கும்போது விடையை முந்திச் சொல்லாது காத்திருக்க. யாதொன்று பொறுப்பினும் ஏளனச் சிரிப்பைப் பொறுக்கலாகாது. தத்துவார்த்த சூத்திரத்தின் 6ஆம் அத்தியாயம், அறிந்ததை மறைத்தலும், கற்பிக்க மனமின்மையும், கற்பார்க்கு இடையூறு செய்தலும் ஞானாவரணீய கர்மம் வந்து சேர்தற்குக் காரணம் என்கிறது. தடுமாறும் குழந்தையை நகைத்து வாயடைக்கச் செய்தல் இடையூறன்றி வேறென்ன? அஃது இம்சையுமாம்.

மாலை வகுப்பென்றால் பொழுது சாயுமுன் உண்ணும் நியமம் தவறுமே எனச் சில பெற்றோர் தயங்கலாம். தயக்கம் நியாயமானதே. சனி, ஞாயிறு காலைகள் உள்ளனவே! காஞ்சியிலும் செங்கற்பட்டிலும் பயிலும் நம் பிள்ளைகள் பள்ளித் தலைமையாசிரியரின் இசைவு பெற்றுச் செல்லலாம். தொடங்கியபின் நாலு வாரத்தில் நிறுத்துவதாயின் தொடங்காதிருத்தல் நன்று. வழிபார்த்து அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அதுவும் ஒரு வருத்தமே.

இல்லறத்தார்க்கும் இதில் பங்குண்டு. வந்தவாசியை அடுத்த வேடலில், ஆதித்த சோழன் காலத்தில், கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியின்கீழ் 500 மாணாக்கியர் இருந்தனர். பிற துறவியர் 400 பேரோடு அவர்க்குப் பிணக்கு நேர்ந்தபோது, அவரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிப்போம் என அப்பகுதியார் பொறுப்பேற்றதைக் கல்வெட்டு கூறுகிறது. அத்துணைப் பெரும்பொறுப்பை இன்று எவரும் நம்மிடம் கேட்கவில்லை. சென்று திரும்பும் மாணவரின் பேருந்துக் கட்டணம், வாசிக்க வரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கைப்பிடிச் சுண்டல், பெரிய எழுத்தில் அச்சிட்ட சில கதைப் புத்தகங்கள்: வரும் சுருத பஞ்சமிக்கு ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் இவற்றை ஏற்கலாம். செல்ல விரும்பும் மாணவ மாணவியர் பெயரை அன்றே ஆலயத்தில் எழுதி வைத்தல் நலம்.