அலுவலகத்தில் ஒரு வாக்குத் தவம்

அந்த அலுவலகத்தில் தடுப்புச் சுவர்கள் இல்லை. நீண்ட கூடம், வரிசை வரிசையாக மேசைகள். பெண் ஊழியர் ஒருவர் மாத இறுதிக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மேசைக்காரரின் கைபேசி ஒலித்தது. “எப்போதிருந்து?... டாக்டர் என்ன சொன்னார்?...” என்று அவர் உரக்கப் பேசினார். மூன்றாம் முறையாகக் கணக்குத் தவறியது. அந்தப் பெண்ணின் உள்ளத்தில் சினம் மூண்டது. கடுஞ்சொல் ஒன்று நாவின் நுனிவரை வந்துவிட்டது.

மின்விசிறியின் ஓசை இவ்வளவு தொல்லை தருவதில்லை. பேச்சு ஏன் தருகிறது? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இதை ஆராய்ந்தனர். இருவர் உரையாடுவதை முழுமையாகக் கேட்பதைவிட, கைபேசிப் பேச்சில் ஒருவர் கூறுவதை மட்டும் கேட்பதே கவனத்தை அதிகம் சிதறடித்தது. அடுத்து வருவது என்னவென்று ஊகிக்க இயலாத பேச்சைப் பின்தொடர்ந்து மனம் ஓடுகிறது. செவி வாயில்தான், அதன் வழியே வெளியேறுவது மனமே.

குளிரும் வெப்பமும் போலப் புலன்களைத் தீண்டுபவை வந்து போகின்றவை. அவற்றைப் பொறுத்துக்கொள் என்கிறது கீதை. இப்பொறுமையே திதிக்ஷை. எனினும், ‘சகித்துக்கொள்ளட்டுமே’ என்று பிறரைப் பார்த்துக் கூற இது இடம் தரவில்லை. 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 40 பெண் எழுத்தர்கள் பங்கேற்றனர். அலுவலக இரைச்சலில் 3 மணி நேரம் பணிபுரிந்தவர்கள், தங்களுக்கு மன அழுத்தம் மிகுந்ததாகக் கூறவில்லை. ஆயினும், அமைதியில் பணிபுரிந்தவர்களைவிட அவர்கள் உடலில் அட்ரினலின் மிகுந்திருந்தது. கடினமான புதிர்களையும் அவர்கள் விரைவில் கைவிட்டனர். வாய் கூறாத துன்பத்தை உடல் சுமந்தது. திதிக்ஷை ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் சாதனை. பிறருடைய பொறுமையைத் தம் வசதிக்குப் பயன்படுத்துவது சாதனை ஆகாது.

காதொலிக் கருவியை அணிந்து ஒலியைத் தடுக்கலாம். தேவையான நேரத்தில் அதில் தவறில்லை. ஆனால் நாள் முழுவதும் செவியை மூடினால் அருகிலிருப்பவரும் தொலைவாகிவிடுவார். இரு பெரிய நிறுவனங்களில் தடுப்புகள் அகற்றப்பட்டபின் நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சல் பெருகியதாக 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெளியே இடிந்த சுவர் உள்ளே எழுந்தது.

பிறர் மனத்தைக் கலக்காத, உண்மையான, இனிய, நன்மை தரும் பேச்சை வாக்கின் தவம் என்று கீதையின் 17ஆம் அத்தியாயம் போற்றுகிறது. அலுவலகத்தில் இத்தவத்திற்குத் தனி நேரம் வேண்டியதில்லை. கைபேசியின் ஒலியைக் குறைப்பது, நீண்ட பேச்சுக்கு வெளியே செல்வது, பணியில் ஆழ்ந்திருப்பவரை அழைக்குமுன் ஒரு கணம் தயங்குவது ஆகிய அனைத்தும் தவமே. இரைச்சலால் வருந்துபவர் அதைச் சினமின்றி எடுத்துக் கூறுவதும் தவமே. அதன் பின்னும் அலையும் மனத்தை, அலைந்த இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் பணிக்குத் திருப்புவது தியானப் பயிற்சி.

அந்தப் பெண்ணுக்குத் திடீரென நினைவு வந்தது: முந்தைய வாரம் தம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று இதே மேசையிலிருந்து அவரும் உரக்கப் பேசியிருந்தார். அன்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நாவில் நின்ற சொல் அடங்கியது. எழுந்து சென்று, “வீட்டில் யாருக்கு உடல்நலமில்லை?” என்று மெல்லக் கேட்டார். “அம்மாவுக்கு” என்றவர், அப்போதுதான் தம் குரல் உயர்ந்திருந்ததை உணர்ந்தார். அடுத்த அழைப்பு வந்ததும் தாமாகவே தாழ்வாரத்திற்குச் சென்றார். கூடத்தில் அமைதி நிலவியது. அது செவியை மூடியதால் வந்த அமைதி அன்று. உள்ளம் திறந்ததால் வந்த அமைதி.