பழையபடி என்றால் எந்தப்படி?

பாறசாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தெற்கே இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே கோரிக்கையோடு வருவார்கள்: "அண்ணே, எல்லாத்தையும் பழையபடி ஆக்கித் தாங்க."

பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். சிசிக்ளீனர், பிளீச்பிட் என்று ஏதாவது ஒரு மென்பொருளில் கண்ணில் பட்ட கட்டத்திலெல்லாம் டிக் போட்டு ஓட விட்டிருப்பார்கள். குக்கீகள் போயிருக்கும், தானாகத் திறந்த தளமெல்லாம் பாஸ்வேர்டு கேட்கும். டிஃபால்ட் அமைப்புக்குத் திருப்பும் பொத்தானை அழுத்தினால் டிக்குகள் மாறும்; அழிந்தது வராது. இனி எதை அழிப்பது என்பதை மட்டுமே அந்தப் பொத்தான் திருத்தும்.

பரிகாரம், நோன்பு, பாவமன்னிப்பு எல்லாவற்றிலும் நாம் கேட்பதும் இதைத்தானே: தொடங்கிய இடத்திலேயே என்னைக் கொண்டு விடு. தொடங்கிய இடம் சுத்தமானது என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. டிஃபால்ட் என்பது எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ எடுத்த முடிவு. 2018-இல் வந்த சிசிக்ளீனர் 5.45 பதிப்பில், பயன்பாட்டு விவரங்கள் நிறுவனத்துக்குப் போவதை எளிதில் நிறுத்த முடியவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அந்தரங்கம் காக்க வந்த கருவியின் 'இயல்பு' அது.

எங்கள் மண்ணிலும் இயல்பு என்ற பேரில் பல முடிவுகள் இருந்தன. ஈழவராகப் பிறந்தவர் சிவனைப் பிரதிஷ்டை செய்யலாகாது என்பது ஒன்று. 1888-இல், நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்திலுள்ள அருவிப்புறத்தில், நாராயண குரு நெய்யாற்றில் இறங்கி ஒரு கல்லை எடுத்து வந்து சிவனாக நிறுவினார். 1936 நவம்பர் 12-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேச விளம்பரத்தோடு, திருவிதாங்கூர் அரசுக் கோயில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தன. ஒரு கையெழுத்தில் மாறுவது எப்படி இயல்பாகும்? இந்த எல்லையும் அப்படித்தான். 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்து விளவங்கோடும் இந்தப் பக்கத்து நெய்யாற்றின்கரையும் ஒரே மாநிலம். இன்று பிறக்கும் பிள்ளைக்கோ இந்த எல்லை உலகம் தோன்றிய நாளிலிருந்தே இருக்கிறது.

அதனால்தான் சைவ சித்தாந்தம் எனக்கு நேர்மையாகப் படுகிறது. ஆன்மா தூய்மையாகத் தொடங்கி இடையில் அழுக்கேறியது என்று அது சொல்வதில்லை. செம்பில் களிம்பு போல ஆணவ மலம் என்னும் அழுக்கு அனாதியாகவே கூட இருக்கிறது. திரும்பிப் போய்ச் சேர ஒரு சுத்தமான தொடக்கமே கிடையாது. மலம் பக்குவப்பட்டு அருள் பதிய வேண்டும். முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்தி அடங்குகிறது, அவ்வளவுதான்.

நாராயண குரு அத்வைதி; ஆன்மா என்றும் தூயது என்பவர். அப்படியானால் அவர் வழி திரும்பிப் போகிற வழிதானே என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்றும் இருப்பது, காலத்தில் நமக்குப் பின்னால் விட்டுவந்த இடமல்ல. அவர் அந்தத் தூய்மையைப் பழைய நடப்பில் தேடியிருந்தால் கல்லைத் தொட்டிருக்கவே முடியாது.

கடைக்கு வருபவர்களிடம் அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்லத்தான் செய்கிறேன். குழம்பிக் கிடக்கும்போது நல்ல முதல் படி அது. ஆனால் அதன்பின் ஒவ்வொரு டிக்கையும் அவர்களையே வாசிக்க வைப்பேன். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று நாம் தீர்மானிக்காவிட்டால், நமக்காக வேறொருவர் ஏற்கெனவே தீர்மானித்திருப்பார். சாமி கும்பிடும்போதும் 'பழையபடி ஆக்கு' என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன்.