அழுக்கை நீக்குபவர் அழுக்கானவரா?

சிவமயம்

எம்பெருமானின் வருடாந்த மகோற்சவம் கொடியேறுவதற்கு முன்னர் வருகின்ற ஞாயிற்றுக்கிழமையில் எமது ஆலயத்திலே சிரமதானம் நடைபெறுவது அடியார்கள் அனைவரும் அறிந்ததே. ஆண்கள் வெளிவீதியில் புல்லுச் செருக்குவார்கள். பெண்கள் பூசைப் பாத்திரங்களைப் புளி போட்டு மினுக்குவார்கள். இளைஞர்கள் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளுவார்கள். அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் விளக்குமாறும் கடகமுமாக ஓடித் திரிவார்கள்.

சென்ற வருடம் அப்படியான ஒரு நாளில், குப்பை அள்ளிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் என்னிடம் வந்து கேட்டான்: "ஐயா, கோயில் வீதியைக் கூட்டினால் தொண்டு, புண்ணியம் எண்டு சொல்லுறியள். பிரதேச சபை ஆக்கள் றோட்டைக் கூட்டினால் மட்டும் ஏன் ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை? இரண்டும் ஒரே விளக்குமாறுதானே?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. இந்த வருட மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்ட பதிலையே எழுதுவது எனத் தீர்மானித்தேன்.

சைவர்களாகிய எமக்குச் சுத்தம் புதிய விடயமன்று. விடியப்புறத்தில் எழுந்து முற்றம் கூட்டிச் சாணித் தண்ணீர் தெளிப்பது, கிணற்றடியில் முகம் கழுவித் திருநீறு தரிப்பது, வெளியிலே போய் வந்தால் கால் கழுவிக்கொண்டு வீட்டினுள் நுழைவது, செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தோய்ந்த பின்பே எதனையும் தொடுவது, வெள்ளிக்கிழமை முழுகி அடுப்படி மெழுகிச் சமைப்பது எல்லாம் எமது தாய்மார் எமக்குப் பழக்கியவை. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் தாம் எழுதிய சைவ வினாவிடையிலே பல் துலக்குவதையும் நீராடுவதையும் நித்திய கருமங்களுள் வைத்தே விதி கூறியுள்ளார். அதாவது, உடம்பைக் கழுவுவதும் வழிபாட்டின் ஒரு பகுதியே எனக் கொண்டார். ஆலயத்துக்கு வருபவர் தோய்த்துலர்ந்த ஆடை அணிந்து வரவேண்டும் என்பதும் நாம் அனைவரும் கைக்கொள்ளும் விதியாகும்.

2020 ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபொழுது, சவர்க்காரம் போட்டு 20 செக்கன்களுக்குக் குறையாமல் கை கழுவுமாறு சுகாதாரப் பகுதியினர் கேட்டுக்கொண்டார்கள். "இதைத்தானே எங்கட ஆச்சிமார் வாசலிலே செம்பில் தண்ணீர் வைத்துச் செய்தவர்கள்" என்று நாம் அப்போது பெருமை பேசினோம். பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்த மாதங்களிலே நாமெல்லாம் வீட்டினுள் அடைபட்டிருக்க, எமது குப்பையை அள்ளிச் செல்ல வெளியே வந்தவர்கள் யார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களைப் பற்றி நாம் பெருமை பேசவில்லை.

இனி, எமது சமய நெறி இவ்விடயத்திலே என்ன சொல்லுகிறது என நோக்குவோம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களில் முதலாவது சரியை. ஆலயத்தைக் கூட்டுதல், மெழுகுதல், பூப்பறித்தல், விளக்கேற்றல் ஆகியன சரியைத் தொண்டுகள். சைவ நெறியின் முதற்படியிலே நூல் அறிவு வைக்கப்படவில்லை, பொருள் வைக்கப்படவில்லை, விளக்குமாறே வைக்கப்பட்டுள்ளது.

திருவதிகையிலே திலகவதியம்மையார் நாள்தோறும் பொழுது விடியுமுன் திருக்கோயிலைக் கூட்டி மெழுகி, மாலை கட்டிக் கொடுத்துத் தொண்டு செய்தார். அவருடைய தம்பியாராகிய திருநாவுக்கரசு நாயனார் கையிலே உழவாரப்படை தாங்கித் தலங்கள்தோறும் புல் செருக்கினார். திருப்புகலூரிலே அவர் பணி செய்த இடத்திலே பொன்னும் மணியும் கிடக்குமாறு இறைவன் செய்தபொழுது, அவற்றையும் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரி வாவியிலே எறிந்தார் எனப் பெரியபுராணம் கூறும். காலுக்கு இடறுவது கல்லானாலும் பொன்னானாலும் அவருக்கு அது நீக்க வேண்டிய குப்பையே.

இவர்களிலும் எமது கேள்விக்கு நெருக்கமானவர் திருக்குறிப்புத் தொண்ட நாயனார். சித்திரைச் சுவாதியில் அவருக்குக் குருபூசை செய்கிறோம். காஞ்சிபுரத்திலே சலவைத் தொழில் செய்தவர் அவர். சிவனடியார்களின் உடுப்புகளைத் தோய்த்துக் கொடுப்பதையே தொண்டாகக் கொண்டிருந்தார். குளிர்காலத்தில் ஒருநாள் இறைவன் ஏழை அடியவராக வந்து, தமது அழுக்கேறிய கந்தையைப் பொழுது சாயுமுன் உலர்த்தித் தரவேண்டும் எனக் கேட்டுக் கொடுத்தார். தோய்த்தாயிற்று, ஆனால் மழை விடவில்லை. அடியவரைக் குளிரில் வாட விட்டேனே என்று வருந்தி, துணி அடிக்கும் கல்லிலே தமது தலையை மோதினார் நாயனார். அந்தக் கல்லருகே இறைவனின் திருக்கரம் தோன்றி அவரைப் பிடித்துக்கொண்டது. கருவறைக்கோ யாகசாலைக்கோ வரச்சொல்லி இறைவன் அவரை ஆட்கொள்ளவில்லை. அழுக்குத் துணி அடிக்கும் கல்லுக்குத் தானே வந்தான்.

இவ்வளவும் எமக்குத் தெரியும். புராணபடனத்திலே கேட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறோம். அப்படியிருந்தும் நாம் செய்தது என்ன?

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எமது ஆலயத் திருவிழாவுக்கு வெள்ளை கட்டுபவர் ஒரு முதியவர். மேற்கட்டிக்கும் நிலபாவாடைக்கும் உரிய துணிகளை வெளுத்து, தலையிலே சுமந்து வருவார். பந்தங்களுக்குத் திரி சுற்றுவதற்கான சீலையும் அவரே கொண்டு வருவார். அவர் வெளுத்த துணி சுவாமியின் திருமுடிக்கு மேலே கட்டப்படும். அதைக் கொண்டுவந்தவரோ வெளிமதிலுக்கு அப்பால் நிற்பார். எனது தந்தையாரிலும் பார்க்க வயதில் மூத்த அவரை, பத்து வயதும் நிரம்பாத நான் பெயர் சொல்லி "வா", "போ" என்றுதான் அழைத்தேன். அது தவறு என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

1957 ஆம் ஆண்டிலேயே 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, சாதியைக் காரணம் காட்டி ஒருவரை வழிபாட்டிடத்தினுள் நுழையவிடாது தடுப்பது குற்றமாக்கப்பட்டிருந்தது. ஆனால் சட்டம் வந்து பதினொரு வருடங்களின் பின்னரும், 1968 இல், மாவிட்டபுரம் ஆலய வாசலிலே உள்ளே செல்லும் உரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. அரசாங்க எழுதுவினைஞனாகப் பல வருடங்கள் கடமையாற்றிய அனுபவத்தில் ஒன்று சொல்வேன். சட்டம் கதவைத்தான் திறக்கும். "உள்ளே வாருங்கோ" என்று சொல்ல வேண்டியவர்கள் மனிதர்களே.

எமது ஆலயக் கதவும் பின்னர் எல்லோருக்கும் திறந்தது. ஆனால் அந்த முதியவர் பழக்கத்தினால் வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். அப்பொழுது நான் வளர்ந்த இளைஞன். "ஐயா, உள்ளே வாருங்கோ" என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் காலமாகிப் பல வருடங்களாகிவிட்டன. இன்று நான் ஆலய தர்மகர்த்தாக்களுள் ஒருவன். மேற்கட்டியைக் காணும்போதெல்லாம் அவரை நினைக்கிறேன். நினைத்து என்ன பயன்? மன்னிப்புக் கேட்பதற்கு அவர் இல்லை.

இதற்கு மறுமொழியாகச் சிலர் கூறுவதுண்டு: "கோயிற் தொண்டு அன்பினால் செய்வது, தெருக் கூட்டுபவர் கூலிக்குச் செய்கிறார். இரண்டும் ஒன்றாகுமா?" நியாயமான கேள்விதான். ஆனால் கூலி வாங்குவதால் ஒரு வேலையின் மதிப்புக் குறையுமென்றால், தட்சணை பெறும் குருக்களைப் பற்றியும், சம்பளம் பெற்ற ஆசிரியரைப் பற்றியும், மாதக் கடைசியில் கையொப்பமிட்டுச் சம்பளம் எடுத்த என்னைப் பற்றியும் என்ன சொல்வது? எங்கள் எவரையும் வாசலுக்கு வெளியே நிற்கும்படி யாரும் சொல்லவில்லையே!

வேறு சிலர், "அவர்கள் அழுக்கோடு புழங்குபவர்கள், தள்ளி நிற்பதே ஆசாரம்" என்பார்கள். பிள்ளையின் மலத்தைக் கழுவிய தாய் கையைக் கழுவிவிட்டு அந்தக் கையாலேயே அமுது ஊட்டுகிறாள். புண்ணிலிருந்து சீழை எடுக்கும் வைத்தியரை நாம் கைகூப்பி வணங்குகிறோம். உடம்பிலே படும் அழுக்கு நீரோடு போய்விடும். நீரோடு போகாத அழுக்கு ஒன்று உண்டெனில், அது அழுக்கை நீக்கியவரையே அழுக்கானவர் என நினைத்த எமது மனத்தில் இருப்பது. வள்ளுவர் அகத் தூய்மைக்கு நீரைச் சொல்லவில்லை, வாய்மையையே சொன்னார். ஆகவே எமது வழக்கத்தைப் பற்றிய உண்மையை நாமே ஒத்துக்கொள்வதுதான் அந்தக் கழுவலின் தொடக்கம்.

உற்று நோக்கினால், நாம் சுத்தம் என்று சொல்வது பெரும்பாலும் அழுக்கை வேறோரிடத்துக்குத் தள்ளிவிடுவதுதான். மனிதர் மேல் தள்ளுவது ஒரு வகை. வேலிக்கு அப்பால் தள்ளுவது இன்னொரு வகை. வளவைத் துப்புரவாகக் கூட்டி, பொலித்தீனையும் போத்தலையும் ஒழுங்கையில் கொட்டுகிறோம். திருவிழாவிலே தண்ணீர்ப் பந்தலில் குடித்த பிளாஸ்ரிக் கோப்பையை நின்ற இடத்திலேயே போடுகிறோம். எமது யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லினூடாக இறங்கி நிலத்தின் கீழே தேங்குகிறது. அதையே அள்ளிக் குடிக்கிறோம், அதிலேயே குளிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். மலக்குழிக் கழிவும் தோட்டத்துக்கு அளவுமீறிப் போடும் உரமும் அதே கல்லினூடாக அதே நீருக்குத்தான் போய்ச் சேருகின்றன. வேலிக்கு மேலே காணி வேறு வேறு. நிலத்துக்குக் கீழே தண்ணீர் ஒன்று. தள்ளிவிட்ட அழுக்கு எமது கிணற்றுக்கே திரும்பி வருகிறது.

ஆகவே சுத்தத்துக்கு நான் அறிந்த இலக்கணம் இதுதான்: என் அழுக்கை இன்னொருவர் மேல் தள்ளாதிருத்தல். அப்படித் தள்ளப்பட்டதைத் தன் கையால் எடுப்பவரை வணக்கத்துக்குரியவராக மதித்தல்.

எழுதுவது சுலபம். சென்ற வருட மகோற்சவத்திலே எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அடியார்களின் மலசலகூடங்களைச் சுத்தம் செய்ய ஒழுங்கு செய்திருந்தவர் சுகவீனமுற்று வரவில்லை. பரிபாலன சபை அவசரமாகக் கூடியது. கூலியைக் கூட்டிக் கொடுத்து வேறு ஆள் பிடிப்பது பற்றியே பேசினோம். "நாங்களே செய்தால் என்ன?" என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அன்று இரவு அந்தச் சிறுவனின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. விடியப்புறம் மூன்று மணிக்கு எழுந்து, வாளியும் தும்புத்தடியும் எடுத்துக்கொண்டு போனேன்.

அதிலே பெருமைப்பட எதுவுமில்லை. ஏன் மூன்று மணிக்குப் போனேன்? ஒருவரும் காணக்கூடாது என்பதற்காக. தேர்வடம் பிடிக்கும்போது நாலுபேர் காணவேண்டுமென்று முன்னுக்குப் போய் நிற்பவன், இதைச் செய்யும்போது ஒளித்துச் செய்தேன். தொண்டு என்று மேடையில் பேசியதை என் மனம் இன்னும் இழிவென்றே கருதுகிறது என்பதை அன்று கண்டுகொண்டேன். மூன்றாம் நாள் சபையின் இன்னொரு உறுப்பினர் என்னைக் கண்டுவிட்டார். எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் அவரும் வாளியோடு வந்தார். பிறகு நாங்கள் பகலிலேயே செய்தோம்.

இவ்வருட மகோற்சவத்தை முன்னிட்டு அடியார்களிடம் இரண்டு விண்ணப்பங்களை முன்வைக்கிறேன். முதலாவது, உபயகாரர் பட்டியலைப் போலவே துப்புரவுப் பணிக்கும் நாளுக்கு ஒரு பட்டியல் போடுவோம். அதிலே மலசலகூடமும் அடங்கட்டும். தர்மகர்த்தாக்களாகிய எங்கள் பெயர்கள் முதலில் வரட்டும். இரண்டாவது, பூங்காவனத் திருவிழாவன்று தொண்டாற்றியோருக்குக் காளாஞ்சி வழங்கும்போது, எமது கிராமத்துத் தெருக்களைக் கூட்டுபவர்களையும் முறைப்படி அழைத்து, உள்ளே வரச்செய்து, வழங்குவோம். அவர்கள் வருவார்கள் என்று எண்ணி வாளாவிராமல், நாமே அவர்கள் வீடுகளுக்குச் சென்று அழைப்போம்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். இரண்டும் ஒரே விளக்குமாறுதான். வித்தியாசம் விளக்குமாற்றில் இருக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எங்களிடம் இருந்தது. நீ வளர்ந்து இந்த ஆலயத்தைப் பொறுப்பேற்கும் காலத்தில், மதிலுக்கு வெளியே யாராவது நின்று கும்பிடக் கண்டால், நான் சொல்லாமல் விட்டதை நீ சொல்லிவிடு.

அதற்குரிய மனத்தூய்மையை எம் அனைவருக்கும் எல்லாம்வல்ல எம்பெருமான் அருள்வாராக.

சுபம்.