ஏ9இல் ஒரு போயாக் காலை



கண்டி மஹய்யாவ நம்மில் பலருக்குக் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடம், அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு போகிற வீதிதான் ஏ9. கண்டியில் புறப்பட்டு தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று சுமார் 320 கிலோமீற்றர் ஓடி, யாழ்ப்பாணத்தில் போய் நிற்கிறது. அதில் மாத்தளை வரைக்குமான முதல் 26 கிலோமீற்றரை ஒரு போயா தினத்தில் சைக்கிளில் போய்ப் பாருங்கள்.

மலைநாட்டில் சைக்கிளா என்பீர்கள். 2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் செட்டுக்கு முன்னால் நாள்கணக்கில் வரிசை. பரணிலும் கோழிக்கூட்டுக்குப் பின்னாலும் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன, இதே ஏற்றங்களில்தான் ஓடின. அது வேறு வழியில்லாமல் மிதித்த மிதி. வரிசை குறைந்ததும் சைக்கிள் மறுபடியும் மூலைக்குப் போய்விட்டது. கஷ்டத்தில் தோள்கொடுத்த வண்டியைச் சந்தோஷத்துக்கு நாம் கூப்பிடவே இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள்; லொறிகள் குறைவு. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் இறங்கி நில்லுங்கள். பஸ் ஜன்னலில் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடுகிற மகாவலியை அங்கே ஆற அமரப் பார்க்கலாம். அக்குறணையில் பிங்கா ஓயா கூடவே வரும். மழைக்காலத்தில் அது கடைவீதிக்குள் ஏறிவிட்டது என்று செய்தியில் கேட்கிறோம். வீதி எவ்வளவு தாழ்வாக, ஆற்றுக்கு எவ்வளவு கிட்டக் கிடக்கிறது என்பது மிதித்துப் போகும்போதுதான் விளங்கும்.

அலவத்துகொடையைத் தாண்டினால் பலகடுவ ஏற்றம். மூச்சு வாங்கினால் இறங்கி உருட்டுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. உருட்டிக்கொண்டு போகும்போதுதான் வேலி மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி கண்ணில் படும். பருவகாலமானால் முற்றத்துப் பாயில் காயும் கராம்பின் வாசம் வீதிவரைக்கும் வரும். கடையில் ஒரு பிளேன்டீ, கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டித் துண்டு. "எங்கயிருந்து தம்பி, சைக்கிள்லயா வாறீங்க?" என்று கடைக்காரர் பேச்சுக் கொடுப்பார். காரில் வந்து இறங்குகிறவரை யாரும் அப்படி விசாரிப்பதில்லை. பிறகு இறக்கம். பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே இறங்காதீர்கள், கட்டை சூடேறிவிடும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள்.

இந்தப் பாதைக்கு இன்னொரு கதையும் உண்டு. கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு வந்தார்கள். அங்கிருந்துதான் கண்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்து மடிந்தவர்கள் ஏராளம். அவர்களை நினைத்து 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், ஓகஸ்டில் மாத்தளையில்தான் வந்து முடிந்தது. அன்று கங்காணி நட என்றால் நடக்க வேண்டும், நில் என்றால் நிற்க வேண்டும். அந்த மாத்தளைக்கு, அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்று விரும்பிய நேரம் புறப்பட்டு, விரும்பிய மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்து உட்காரலாம். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் வாசலில் போய் நிற்கும்போது உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் வயதான அம்மா வரை பெண்கள் சைக்கிளில் போவது அன்றாடக் காட்சி. நம் பக்கத்தில் அதைக் காண்பது அரிது. ஏற்றம் ஒரு காரணம்தான். ஆனால் "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சைக்கிள்" என்று நாம் சொல்லிவிடுகிற பேச்சு, எந்த ஏற்றத்தையும் விடப் பெரிய தடை. மகன் ஓட்டுகிற சைக்கிளின் சீட்டைக் கொஞ்சம் இறக்கினால் மகளுக்கும் பொருந்தும். ஒரு ஸ்பேனர் போதும். இன்று பின்னேரம் அதைச் செய்யுங்கள், டயருக்குக் காற்றடியுங்கள், பிரேக் கட்டையையும் ஒருமுறை பாருங்கள். அடுத்த போயாவுக்கு அவளும் வரட்டும்.