பொய் சொன்னவர் ஒருவருமில்லை



நாவைப் பற்றிப் புனித யாகப்பர் தமது திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் எழுதியிருப்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சிறு நெருப்பு பெருங்காட்டை எரித்துவிடுவது போல, சிறிய உறுப்பாகிய நாவு பெரிய அழிவைச் செய்யும் என்று அவர் எச்சரிக்கிறார். அதைக் கேட்கும்போது நம் மனக்கண் முன் வருபவர்கள் பொய்யரும் கோள்காரருமே. “நான் பொய் சொல்லுகிறவனல்ல, இந்த வாசகம் எனக்குரியதல்ல” என்று நிம்மதியோடு வீடு திரும்புகிறோம். அந்த நிம்மதி சரியானதுதானா என்று பார்ப்பதற்காக, யப்பான் நாட்டில் நடந்த ஒரு சம்பவத்தை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

1973ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆந் திகதி. ஐச்சி மாநிலத்தில் புகையிரதத்திலே பாடசாலை மாணவிகள் சிலர் பேசிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருத்திக்குத் தொயோகாவா ஷின்கின் என்னும் வங்கியில் வேலை கிடைத்திருந்தது. “அது ஆபத்தான இடமல்லவா!” என்று தோழி பகிடி பண்ணினாள். வங்கியென்றால் கொள்ளைக்காரர் வருவார்களே என்பதுதான் அவள் கருத்து. வேலை கிடைத்த பிள்ளை அதை மனதில் வைத்துக்கொண்டு, அன்று மாலை தன் உறவினர் ஒருவரிடம், “அந்த வங்கி ஆபத்தானதா?” என்று கேட்டாள். உறவினரோ கொள்ளைக்காரரை நினைக்கவில்லை. வங்கி முறியப்போகிறதோ என்று நினைத்தார். வங்கியின் தலைமையகத்துக்கு அருகில் வசித்த ஒருவரிடம் விசாரித்தார். பின்னர் அது சிகை அலங்கார நிலையம் நடத்திய ஒருவரிடமும் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து அக்கதை ஒரு சலவைக் கடைக்காரரின் காதுக்கு எட்டியது. அவர் தம் மனைவியிடம் சொன்னார்.

டிசம்பர் 13ஆந் திகதி ஒருவர் அந்தச் சலவைக் கடைக்கு வந்து, தொலைபேசியை இரவல் கேட்டு, அதே வங்கியிலிருந்து 12 இலட்சம் யென்னை உடனே எடுக்கும்படி யாருக்கோ சொன்னார். வதந்தியைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. தொழிலுக்குப் பணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். கடைக்காரரின் மனைவிக்கோ அது போதுமான சாட்சியாயிற்று. அவர் ஓடிப்போய்த் தங்கள் 18 இலட்சம் யென்னை எடுத்தார். தெரிந்தவர்களும் நட்டப்படக் கூடாதே என்று கணவனும் மனைவியும் அவர்களுக்கும் அறிவித்தார்கள். அன்று கொசகாய் என்ற ஊரிலிருந்த கிளையில் மாத்திரம் 59 பேர் சுமார் 5 கோடி யென்னை எடுத்துச் சென்றார்கள். அன்று முதலில் “வங்கி ஆபத்தில் இருக்கலாம்” என்றிருந்த பேச்சு, பின்னர் “ஆபத்தில் இருக்கிறது” என்றாகி, இரவில் “நாளை கதவே திறவாது” என்று முடிந்தது.

மறுநாள் கூட்டம் திரண்டது. ஊழியர்கள் பணத்தைக் கையாடிவிட்டார்கள் என்று ஒரு கதை. வங்கித் தலைவர் தற்கொலை செய்துகொண்டார் என்று இன்னொரு கதை. அந்தத் தலைவரே மக்கள் முன் வந்து நிற்க வேண்டியதாயிற்று. யப்பான் மத்திய வங்கி தலையிட்டு, தொயோகாவா வங்கியில் குறையொன்றும் இல்லை என்று அறிவித்தது. எல்லோரும் காணும்படி நோட்டுக்கட்டுகளை அடுக்கிக் காட்டினார்கள். அமளி அடங்குமுன் சில நாட்களில் 100 கோடி யென்னுக்கு மேல் வெளியே போய்விட்டது. அந்த வங்கி தப்பியது. இன்றும் இயங்கி வருகிறது.

வங்கி தப்பியது பெரிய காரியம். ஏனெனில், நாம் வைப்பிலிடும் பணம் முழுவதும் பெட்டகத்தில் கிடப்பதில்லை. அதில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கமக்காரனுக்கும் வியாபாரிக்கும் வீடு கட்டுகிறவனுக்கும் வங்கி கடனாகக் கொடுக்கிறது. ஆகவே, எல்லோரும் ஒரே நாளில் வந்து நின்றால், மிக நேர்மையான வங்கியாலும் கொடுக்க இயலாது. நம்பிக்கை போன அன்றைக்கே, பொய்யாய் இருந்த கதை மெய்யாகிவிடுகிறது.

யாரோ தீய நோக்கத்தோடு பரப்பிய கதையாயிருக்கலாம் என்று பொலிசார் தேடினார்கள். ஒவ்வொருவராய் விசாரித்துக்கொண்டு பின்னோக்கிப் போனார்கள். கடைசியில் அவர்கள் கண்டது குற்றவாளியை அல்ல. புகையிரதத்தில் பகிடி பண்ணிய ஒரு சிறுபெண்ணையே. அன்பானவர்களே, இதைக் கவனியுங்கள். அந்தச் சங்கிலியிலே பொய் சொன்னவர் ஒருவருமில்லை. ஒருத்தி பகிடி பண்ணினாள், ஒருத்தி கேள்வி கேட்டாள், ஒருவர் விசாரித்தார், சிலர் அயலவர் மேலுள்ள அக்கறையினால் சொன்னார்கள். அவர்களை மூடர் என்று நாம் இகழவும் முடியாது. எண்ணெய் நெருக்கடியினால் விலைகள் ஏறி, மக்கள் கலங்கியிருந்த காலம் அது. அந்தப் பகுதியில் 1966இல் ஒரு நிதி நிறுவனம் முறிந்து, பலர் பணத்தை இழந்துமிருந்தார்கள். பயந்த மனம் கேட்டதையெல்லாம் நம்பும்.

அதே நாட்டில் 1927 மார்ச் 14ஆந் திகதி இதைவிடப் பெரிய இடத்திலே இதே தவறு நடந்தது. நிதியமைச்சர் கத்தாவோகா, தோக்கியோ வத்தனாபே வங்கி முறிந்துவிட்டது என்று பாராளுமன்றத்தில் சொல்லிவிட்டார். அந்த வங்கி தளர்ந்திருந்தது உண்மை. ஆனால் அன்றைய கொடுப்பனவுக்கு வேண்டிய பணத்தை எப்படியோ தேடிக்கொண்டிருந்தது. அமைச்சரின் சொல் வெளிப்பட்டபின் மறுநாள் அது கதவை அடைத்தது. பயம் மற்ற வங்கிகளுக்கும் பரவி, ஏப்ரல் மாதத்தில் அரசாங்கம் மூன்று வாரங்களுக்குக் கொடுப்பனவுகளை ஒத்திவைக்கும் அளவுக்குப் போயிற்று. பெரியவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்குப் பாரம் அதிகம். பெற்றோரும் ஆசிரியரும், குருக்களாகிய நாங்களும் இதை மறக்கலாகாது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஒரு பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிறார்கள். “அந்தப் பிள்ளையைப் பற்றி ஏதோ கதைக்கிறார்களாமே, உண்மையோ?” என்று ஒருவர் கேட்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தார். ஆனால் மூன்று வீடுகளில் கேட்ட கேள்வி, நாலாவது வீட்டில் செய்தியாகிவிடும். மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லாமலே பின்வாங்குவார்கள். அதைக் கண்டதும், “பார்த்தீர்களா, ஏதோ இருக்கத்தான் செய்கிறது” என்று ஊர் முடிவு கட்டிவிடும். யப்பானிய வங்கிக்கு நோட்டுக்கட்டுகளை அடுக்கிக் காட்ட மத்திய வங்கி இருந்தது. இந்த ஏழைப் பிள்ளை எதை அடுக்கிக் காட்டுவாள்? நல்ல பெயர் என்பது மற்றவர்களின் மனதில் வைப்பிலிடப்பட்ட செல்வம். எல்லோரும் ஒரே நாளில் நம்பிக்கையை எடுத்துவிட்டால், அவளுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சியை மட்டும் விலக்குகிறது என்று எண்ணாதீர்கள். போதிய ஆதாரமின்றிப் பிறருடைய குற்றத்தை மனதுக்குள் உண்மையென்று ஏற்றுக்கொள்வதும் அக்கட்டளைக்கு மாறான பாவமே என்று திருச்சபை கற்பிக்கிறது. புனித இஞ்ஞாசியார் தமது ஞானப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே ஒரு நல்ல விதி தருகிறார்: அயலான் சொன்னதை நல்ல கருத்திலே கொள்ள முயல வேண்டும், அது முடியாவிட்டால், எந்தக் கருத்தில் சொன்னாய் என்று அவனிடமே கேட்க வேண்டும். நமது ஆண்டவரும், சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனிமையில் அவனிடமே போகும்படி கற்பித்தார் (மத். 18:15). “நீ என்ன கருத்தில் சொன்னாய்?” என்று அந்த மாணவி தன் தோழியிடம் கேட்டிருந்தால், இருவரும் சிரித்திருப்பார்கள், கதை அந்தப் புகையிரதத்திலேயே முடிந்திருக்கும். நாமோ, கேட்க வேண்டியவரை விட்டுவிட்டு மற்றெல்லோரிடமும் கேட்கிறோம்.

ஏற்கனவே சொல்லிவிட்டவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அநியாயமாய்ப் பிறர் பெயரைக் கெடுத்தவன், இயன்ற அளவுக்கு அதைத் திரும்பக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று புனித அக்குவினாஸ் தோமையார் கற்பிக்கிறார். பணத்தைத் திருடியவன் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது போலத்தான் இதுவும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வருத்தப்பட்டுவிட்டு, எழுந்து போனால் போதாது. எந்த வீடுகளில் அந்தக் கதையைச் சொன்னோமோ, அந்த வீடுகளுக்கு மறுபடியும் போய், “நான் சரியாய் அறியாமல் சொல்லிவிட்டேன்” என்று சொல்ல வேண்டும். வெட்கமாய்த்தான் இருக்கும். பொலிசார் பின்னோக்கி நடந்த அதே வழி அது. நாமாக நடந்தால் அது பரிகாரமாகும்.

இன்றிரவு குடும்பச் செபம் முடிந்தபின், தகப்பனும் தாயும் பிள்ளைகளும் சற்று அமைதியாய் இருந்து, இந்த வாரம் நமது வீட்டிலிருந்து யாருடைய பெயர் வெளியே போனது, எப்படிப் போனது என்று எண்ணிப் பாருங்கள். திரும்பப் போக வேண்டிய வீடு ஒன்று நினைவுக்கு வந்தால், அடுத்த ஞாயிறு பூசைக்கு முன் போய் வாருங்கள். பேச்சற்றவர்க்குப் பேச்சளித்த ஆண்டவர், அதற்கு வேண்டிய சொல்லையும் துணிவையும் உங்களுக்குத் தருவாராக. ஆமென்.