காணாக்கடியும் வினைக் கோட்பாடும்

தோலில் திடீரெனச் சிவந்து எழும்பிக் கடுமையாக அரித்து, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சுவடின்றி மறைந்து, பின்னர் வேறோர் இடத்தில் கிளம்பும் தடிப்பை வழக்கில் காணாக்கடி என்பர். மருத்துவ நூல்கள் அதனை அர்டிகேரியா எனக் குறிக்கின்றன. உடலின் தற்காப்புக்கெனச் சில வேதிப்பொருள்களைத் தம்முள் தேக்கி வைத்திருக்கும் மாஸ்ட் செல்கள் என்னும் உயிரணுக்கள் ஹிஸ்டமைனை வெளிவிடும்போது, நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து தடிப்பும், நரம்பு முனைகள் தூண்டப்பட்டு அரிப்பும் உண்டாகின்றன. 6 வாரத்துக்குள் அடங்கும் வகைக்குத் தொற்று, மருந்து, உணவு, பூச்சிக்கடி எனக் காரணம் சொல்ல முடிவது உண்டு. அதற்கு மேலும் நீடிக்கும் நாட்பட்ட வகையிலோ, உடல் தன் உயிரணுக்களையே தூண்டும் எதிர்ப்பொருள்களைச் சிலரிடம் உண்டாக்குகிறது என்பது அறியப்பட்டிருந்தாலும், பெரும்பாலோரிடம் புறக்காரணம் எதுவும் அகப்படுவதில்லை.

சமயச் சிந்தனைக்குரிய வினா இவ்விடத்தில்தான் எழுகிறது. காரணமின்றித் துன்பம் வரும் என்பதை ஏற்க மனம் மறுப்பதால், நோயுற்றவர் முதலில் கத்தரிக்காயையும் கருவாட்டையும் விலக்குகிறார், அடுத்துக் குடிக்கும் நீரையும் உடுக்கும் துணியையும் ஐயுறுகிறார், முடிவில் தம் வாழ்க்கையையே விசாரணைக்கு உட்படுத்தி, எந்தப் பாவத்துக்கு இது தண்டனை எனக் கேட்கத் தொடங்குகிறார். சுற்றத்தார் அதையே வாய்விட்டுச் சொல்லும்போது அரிப்போடு அவமானமும் சேர்ந்துகொள்கிறது. நோயைவிடக் கொடியது அதுவே.

வினைக் கொள்கையைப் போதித்த புத்தரிடமே இவ்வினா வைக்கப்பட்டதாகச் சம்யுத்த நிகாயம் என்னும் பௌத்த நூல் கூறுகிறது. மனிதர் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்வினையின் பயன் என்று சிலர் சொல்வது சரியா என இராசகிருகத்து மூங்கில் வனத்தில் மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன், அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவி, கேட்கிறான். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், உடலை முறைகேடாகப் பேணுதல், பிறரால் நேரும் தாக்குதல் என ஏழு காரணங்களை அடுக்கிய பின்னரே வினைப்பயனை எட்டாவதாக வைக்கும் புத்தர், எல்லாம் முன்வினை என்போர் தாமே உணர்ந்ததையும் உலகம் உண்மையென ஏற்றதையும் மீறிப் பேசுகின்றனர் என்கிறார். வினையை அவர் மறுக்கவில்லை. பிறர் உடலைக் கண்டு அவருடைய வினையைக் கணிக்கும் துணிவையே மறுத்தார் என்று கொள்வது பொருந்தும்.

சைவ மரபு வேறு வழியில் செல்கிறது. திருச்செங்கோட்டில் அடியவர்களைக் குளிர்சுரம் பற்றியபோது திருஞானசம்பந்தர் அருளியதாகக் கொள்ளப்படும் திருநீலகண்டப் பதிகம், துன்பத்துக்கு வினையே காரணம் என ஏற்றுக்கொண்டே, அதைச் சொல்லிவிட்டு உய்யும் வழி தேடாதிருத்தலைக் குறையெனக் கடிகிறது. காரணத்தில் வேறுபடும் இவ்விரு மரபுகளிலும், நோயாளியைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டு அகன்றுவிடுவதற்கு இடமில்லை.

உய்யும் வழியோ, காரணம் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதன்று. தூக்கத்தை அதிகம் தராத செடிரிசின், லோரடடின் போன்ற ஹிஸ்டமைன் எதிர்ப்பு மருந்துகளை அரிப்பு வந்தபின் மட்டும் விழுங்காமல், மருத்துவர் சொன்னபடி நாள்தோறும் உட்கொள்வது நாட்பட்ட நிலையில் பயன் தருகிறது. ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளும் இறுக்கமான ஆடையும் வெப்பமும் பலருக்குத் தடிப்பைக் கூட்டுவதால் அவற்றைத் தவிர்க்கலாம். நாக்கோ தொண்டையோ வீங்கி மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை சேர வேண்டும். மாத்திரைக்கு அடங்காதவர்க்கு ஓமலிசுமாப் என்னும் ஊசி மருந்து 2014 முதல் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த உணவையெல்லாம் விலக்கி உடலை மெலியவைக்கும் தன்தண்டனைக்கு, குறிப்பிட்ட ஓர் உணவோடு தெளிவான தொடர்பு காணப்பட்டாலன்றி, மருத்துவத்தில் ஆதாரமில்லை. பலரிடம் சில ஆண்டுகளில் இந்நோய் தானே தணிந்துவிடுகிறது. அவ்வாறு தணிந்தபோது, எந்த நல்வினையால் நீங்கியது என்று அவர்களிடம் எவரும் கேட்பதில்லை.